தலைக்கு நூறு நூல்கள்: சீனப் பல்கலைக்கழகக் கற்பித்தல் மதிப்பீடும் நூல் வாணிபமும் (2003 - 2008)

ஒரு நாட்டின் நூல் வாணிபத்தை நிர்ணயிக்குங் காரணிகள் எவையென வினவின், எழுத்தாளரின் ஆற்றல், வாசகரின் நாட்டம், தாளின் விலை, அச்சகத்தின் வசதி ஆகியனவே பெரும்பாலோர் கூறும் விடையாக அமையும். அமைச்சொன்று வெளியிட்ட அட்டவணையின் ஒற்றை நிரல் இவை யாவற்றினும் வலிமை வாய்ந்ததாதல் கூடும் என்பது எளிதில் நம்பத்தக்கதன்று. ஆயின் 2003ஆம் ஆண்டு தொடக்கம் 2008ஆம் ஆண்டு வரையுள்ள காலப்பகுதியில் சீன மக்கள் குடியரசின் கல்விசார் நூற்சந்தையில் நிகழ்ந்தது ஏறத்தாழ அதுவே. பல்கலைக்கழகங்களின் கற்பித்தற் தரத்தை அளந்தறியும் பொருட்டு வகுக்கப்பட்ட அளவுகோலொன்று, வகுத்தோர் எண்ணியிராத வகையில், நூலகங்களுக்கு நூல் வழங்கும் தனித்துறையொன்றை வளர்த்தெடுத்தது. பதிப்பகங்களின் போக்கையும் மாற்றியது. அவ்வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதிப்பீடு என்னும் எண்ணம் சீனத்தில் திடீரெனத் தோன்றியதன்று. கல்வி அமைப்பின் சீர்திருத்தம் பற்றிச் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்திய குழு 1985இல் வெளியிட்ட தீர்மானத்திலேயே உயர்கல்வி நிறுவனங்களைக் காலத்துக்குக் காலம் மதிப்பிடல் வேண்டுமென்ற கருத்து இடம்பெற்றிருந்தது. 1990இல் அதற்கான தற்காலிக விதிகள் வகுக்கப்பட்டன. 1990களின் நடுப்பகுதியிலிருந்து, புதிதாக எழுந்த நிறுவனங்களுக்கு ஒன்று, மூத்த நிறுவனங்களுக்கு இன்னொன்று, இடைப்பட்டவற்றுள் எழுமாறாகத் தெரிந்தெடுத்தவற்றுக்குப் பிறிதொன்று என மூவகை மதிப்பீடுகள் நடைபெற்று வந்தன. 2002இல் இம்மூன்றும் ஒரே திட்டமாக ஒன்றிணைக்கப்பட்டன. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மதிப்பிடப்படும் என்ற ஒழுங்கு 2003இல் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டில் கல்வி அமைச்சின்கீழ் இதற்கெனத் தனி நிலையமொன்றும் நிறுவப்பட்டது.

இத்துணை விரைவுக்குக் காரணம் இல்லாமலில்லை. 1998இல் சீன உயர்கல்வி நிறுவனங்களிற் புதிதாய்ச் சேர்ந்த மாணவர் தொகை ஏறத்தாழ 10.8 இலட்சம். 1999இல் அரசாங்கம் அனுமதியைப் பெருக்கத் தீர்மானித்தபோது அத்தொகை ஓராண்டிலேயே 16 இலட்சத்தை எட்டியது. 2005இல் 50 இலட்சத்தைத் தாண்டியது. ஏழாண்டுகளில் ஏறக்குறைய ஐந்து மடங்கு! விடுதிகளும் விரிவுரை மண்டபங்களும் ஒருவாறு எழுந்தன. நூல்கள் அவ்வாறு எழவில்லை. எண்ணாயிரம் மாணவருக்கெனச் சேர்க்கப்பட்ட நூற்றொகுதியை இருபதினாயிரம் மாணவர் பயன்படுத்த வேண்டிய நிலை பல இடங்களிலும் தோன்றியது. நகரங்களிலிருந்து தொலைவிலுள்ள, அண்மையிலேயே தொழிற்கல்லூரி நிலையிலிருந்து பட்டமளிக்கும் நிலைக்கு உயர்த்தப்பட்ட நிறுவனங்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கதாயிருந்தது. எனவே நூல்களை எண்ண முற்பட்ட அமைச்சு வெறும் அதிகாரச் செருக்கால் அவ்வாறு செய்ததெனக் கொள்ளல் பொருந்தாது. பற்றாக்குறை உண்மையானது. அதை அளப்பதற்குத் தெரிந்தெடுத்த வழியே ஆராயற்பாலது.

2004ஆம் ஆண்டு மதிப்பீட்டுத் திட்டம் திருத்தியமைக்கப்பட்டபோது, 7 பெருங்குறிகாட்டிகளும் அவற்றின்கீழ் 19 சிறுகுறிகாட்டிகளும் அதில் இடம்பெற்றன. அதிசிறந்தது என்னும் தரத்தைப் பெற விரும்பும் நிறுவனம் அப்பத்தொன்பதில் குறைந்தது பதினைந்திலாயினும் முதற்றரப் புள்ளியைப் பெறல் வேண்டும். ஒன்றிலேனும் கடைத்தரம் பெறலாகாது. நூலகம், கற்பித்தலுக்கான வசதிகளும் அவற்றின் பயன்பாடும் என்ற பகுதியுள் அடங்கியது. இதனோடு தொடர்புடையதாய் அதே ஆண்டில் அமைச்சு வெளியிட்ட மற்றோர் ஆவணம், உயர்கல்வி நிறுவனங்கள் கொண்டிருக்க வேண்டிய அடிப்படை வசதிகளை எண்களால் வரையறுத்தது. பல்துறைப் பல்கலைக்கழகங்கள், ஆசிரியப் பல்கலைக்கழகங்கள், மொழி, நிதி, சட்டம் ஆகியவற்றுக்கான நிறுவனங்கள் என்பன மாணவர் ஒருவருக்கு 100 நூல்கள் வைத்திருத்தல் வேண்டும். பொறியியல், விவசாயம், மருத்துவம் என்பவற்றுக்கு 80. ஆண்டுதோறும் தலைக்கு 4 அல்லது 3 நூல்கள் புதிதாய்ச் சேர்தல் வேண்டும். பல்துறைப் பல்கலைக்கழகமொன்றில் தலைக்கு 50க்குக் கீழ் இறங்கின் மாணவர் அனுமதி மட்டுப்படுத்தப்படும். அதை மஞ்சள் அட்டை என்றனர். ஒன்றுக்கு மேற்பட்ட அடிப்படை வசதிகளில் இவ்வாறு தவறின் சிவப்பு அட்டை; அதாவது அனுமதி முற்றாக நிறுத்தப்படும். உதைபந்தாட்ட மைதானத்தின் சொற்கள் கல்வி நிருவாகத்துள் நுழைந்தமை வேடிக்கையாகத் தோன்றினும், அனுமதிக் கட்டணத்தை நம்பி வாழ்ந்த நிறுவனங்களுக்கு அது வேடிக்கையாயிருக்கவில்லை.

மாணவர் ஒருவர் என்பதன் பொருளும் அவ்வாவணத்தில் நுணுக்கமாக வரையறுக்கப்பட்டிருந்தது. முதுமாணி மாணவர் ஒன்றரை மாணவராகவும், கலாநிதிப் பட்ட மாணவர் இருவராகவும், வெளிநாட்டு மாணவர் மூவராகவும் கணிக்கப்பட்டனர். இரவு வகுப்பில் பயில்பவர் 0.3 மாணவர்; அஞ்சல்வழிக் கற்பவர் 0.1 மாணவர். மாணவரை இத்துணை நுட்பமாகப் பகுத்த அதே கணக்கு, நூலைப் பகுக்க முற்படவில்லை. பத்தாண்டு பழைமையான கணினிக் கையேடும் ஒன்று. மூலநூலின் செம்பதிப்பும் ஒன்று. ஒரே பாடநூலின் இருநூறு பிரதிகள் இருநூறு நூல்கள். பின்வந்த விளைவுகள் அனைத்துக்கும் வித்து இங்கேயே இடப்பட்டதெனலாம்.

இவ்வெண்கள் சந்தையில் ஏற்படுத்திய கேள்வி எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 20,000 மாணவரைக் கொண்ட பல்துறைப் பல்கலைக்கழகமொன்று 20 இலட்சம் நூல்களை வைத்திருக்க வேண்டும். அதனிடம் 12 இலட்சம் நூல்களே உள்ளனவெனின், மதிப்பீட்டுக் குழு வருமுன் 8 இலட்சம் நூல்களைத் தேடிக்கொள்ள வேண்டும். சாதாரண காலத்தில் ஆண்டுக்கு நாற்பதினாயிரம் நூல்களைத் தெரிந்து வாங்கும் நூலகப் பிரிவுக்கு இது இருபதாண்டு வேலை. கிடைத்ததோ ஓரிரு ஆண்டுகள். 1990களின் பிற்பகுதியில் நிகழ்ந்த பல்கலைக்கழக இணைப்புகள் சிலருக்குக் கைகொடுத்தன என்பது உண்மையே. 1998இல் நான்கு நிறுவனங்கள் ஒன்றாகிப் புதிய செஜியாங் பல்கலைக்கழகம் உருவாயிற்று; இத்தகைய இணைப்புகளில் நூல்களின் எண்ணிக்கை ஒன்றோடொன்று கூடும். மாணவர் தொகையும் உடன் கூடுமாதலால் தலைக்கணக்கு உயர்வதில்லை. ஆகவே எஞ்சிய வழி வாங்குவதொன்றே.

யாரிடம் வாங்குவது? இவ்விடத்தில் சீன நூல் வாணிபத்தின் முந்திய நிலையைச் சற்று நோக்குதல் அவசியமாகின்றது. 1937இல் யெனானில் தோன்றிய சின்ஹுவா புத்தகசாலை, 1949இன் பின் நாடு முழுவதற்குமான நூல் விநியோகத்தைத் தன் கைக்குள் வைத்திருந்தது. பதிப்பகம் அச்சிடும், சின்ஹுவா விநியோகிக்கும். நூலகர்கள் சமூகவியல் நூற்பட்டியல், விஞ்ஞான தொழினுட்ப நூற்பட்டியல் என வெளிவந்த அறிவித்தல் ஏடுகளில் வேண்டியவற்றைக் குறித்தனுப்பிவிட்டுக் காத்திருப்பர். குறித்தவை எல்லாம் வருவதில்லை. வருபவையும் காலந்தாழ்த்தே வரும். 1982இல் தொடங்கிய விநியோகச் சீர்திருத்தத்தின் பின் தனியார் புத்தகசாலைகள் தோன்றின. அவற்றை இரண்டாம் வாய்க்கால் என மக்கள் அழைத்தனர். எனினும் அவை பெரும்பாலும் தெருவோர வாசகரையே நம்பியிருந்தன. நாடளாவிய மொத்த விநியோக உரிமை தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது 2003ஆம் ஆண்டு செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளாலேயே ஆகும்.

மதிப்பீடு தொடங்கியதும் அதே ஆண்டு. அரசாங்கக் கொள்வனவுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டு சனவரியில். தொடர்பற்ற மூன்று அலுவலகங்களிலிருந்து பிறந்த இம்மூன்று ஏற்பாடுகளும் ஒரே காலத்திற் சந்தித்தமையே இவ்வரலாற்றின் முடிச்சாகும். மதிப்பீடு கேள்வியை உண்டாக்கியது. விநியோக விதிகள் புதிய வணிகரை உள்ளே விட்டன. கொள்வனவுச் சட்டம் அவர்களைக் கேள்விப்பத்திர முறைமூலம் ஒருவரோடொருவர் போட்டியிட வைத்தது. இவற்றுள் ஒன்றேனும் பத்தாண்டுகள் முந்தியோ பிந்தியோ நிகழ்ந்திருப்பின் விளைவு வேறாயிருந்திருக்கும்.

இப்புதிய வணிகருள் பெரிதும் அறியப்பட்டது 1998இல் பெய்ஜிங்கில் தொடங்கப்பட்ட ரென்தியன் புத்தகசாலை. அதைத் தொடங்கிய சோ ஜின் ஒரு கவிஞர். 1970களின் இறுதியில் ஜிலின் பல்கலைக்கழகத்திற் சீன இலக்கியம் பயின்றபோது அங்கு இயங்கிய மாணவர் கவிதைக் குழுவொன்றின் உறுப்பினராயிருந்தவர். கவிதை எழுதும் மாணவர்கள் பின்னாளில் என்னவாகின்றனர் என்ற வினாவுக்கு இது எதிர்பாராத ஒரு விடை. ரென்தியனும் அதையொத்த நிறுவனங்களும் வாசகருக்கு முகங்கொடுக்கும் புத்தகசாலைகளல்ல. அவற்றுக்கு அலங்கார முகப்பில்லை, இருந்தது களஞ்சியமே. பல நூற்றுக்கணக்கான பதிப்பகங்களின் நூல்களை ஒரே கூரையின்கீழ்த் திரட்டி, நூலகர்களை அழைத்து வந்து, கையிலே வரிக்குறி வாசிக்கும் கருவியைக் கொடுத்து அடுக்குகளுக்கிடையே நடக்க விடுவர். நூலகர் விரும்பிய நூலின்மீது கருவியைப் பிடித்தால் அது கொள்வனவுப் பட்டியலில் சேரும். மாலையில் பட்டியல் நிறைந்துவிடும். அறிவித்தல் ஏட்டிற் குறியிட்டுக் காத்திருந்த தலைமுறைக்கு இது பெரும் விடுதலையாகவே தோன்றியிருத்தல் வேண்டும். நூலைக் கையிலெடுத்துப் பொருளடக்கத்தைப் பார்த்துத் தெரியும் வாய்ப்பு அவர்களுக்கு முதன்முறையாகக் கிட்டியது.

மாகாணங்களின் சின்ஹுவா நிறுவனங்களும் வாளாவிருக்கவில்லை. குறிப்பாகச் செஜியாங் மாகாண சின்ஹுவா இத்துறையில் வலுவாகக் காலூன்றியது. பெய்ஜிங்கில் 1987 முதல் ஆண்டுதோறும் நடந்து வந்த நூற் கொள்வனவுக் கண்காட்சியின் காலத்தை ஒட்டி, நூலகங்களுக்கென்றே தனியான கண்காட்சிகளும் நடைபெறலாயின. போட்டி வலுத்தபோது நூலை மட்டும் கொடுப்பது போதாதாயிற்று. நூற்பட்டியல் விவரங்களைக் கணினி வடிவில் ஆக்குதல், முத்திரை குத்துதல், வரிக்குறி ஒட்டுதல், காந்தப் பட்டி செருகுதல், முதுகிலே வகுப்பெண் ஒட்டுதல் ஆகிய வேலைகளையெல்லாம் வழங்குநரே மேலதிகக் கட்டணமின்றிச் செய்து கொடுக்க முன்வந்தனர். மதிப்பீட்டுக்கு நாள் குறிக்கப்பட்ட நூலகத்துக்கு இதைவிட இனிய சேவை வேறில்லை. நூல்கள் பெட்டியிலிருந்து நேரே அடுக்குக்குச் செல்லக்கூடியனவாய் வந்திறங்கின. ஆனால் நூலகருக்கும் நூலுக்கும் இடையே அதுவரை இருந்த தொடர்பும் இதனாற் குறைந்தது. பட்டியலாக்கும் போதே நூலைப் படித்தறிவது பழைய நூலகரின் வழக்கம்.

கேள்விப்பத்திர முறையின் குறை இன்னும் பாரதூரமானது. நூலுக்கு முகப்பு விலை ஒன்றே. யார் விற்பினும் நூல் ஒன்றே. எனவே கேள்விப்பத்திரக் குழு ஒப்பிட்டு நோக்கக்கூடியது பெரும்பாலும் கழிவு வீதத்தையே. யார் கூடிய கழிவு தருகின்றாரோ அவருக்கே ஒப்பந்தம். பதிப்பகங்கள் வழங்குநருக்குத் தாமே மட்டான கழிவையே கொடுத்து வந்த நிலையில், அதனுள் ஏற்றிறக்கக் கூலியையும் மேற்கூறிய வேலைகளையும் அடக்கி, நூலகத்துக்கும் பெருங்கழிவு கொடுப்பது எவ்வாறு இயலும்? ஒரு வழியே உண்டு. பதிப்பகங்கள் கூடிய கழிவில் கொடுக்க விரும்பும் நூல்களையே நூலகங்களுக்குக் காட்டுவது. அவை யாவை என்பதை ஊகித்தல் கடினமன்று: விற்காது தேங்கிய நூல்கள்.

தேக்கம் அக்காலச் சீனப் பதிப்புத்துறையின் தீராத நோயாயிருந்தது. 2005ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் புத்தகசாலைகளிலும் பதிப்பகக் களஞ்சியங்களிலும் இருந்த நூல்களின் பெறுமதி ஏறத்தாழ 4,800 கோடி யுவான். அவ்வாண்டு முழுவதிலும் விற்ற நூல்களின் பெறுமதியும் ஏறக்குறைய அதேயளவினதே. இன்னொரு கணக்கும் கவனிக்கற்பாலது. 2000இல் சீனத்தில் வெளியான நூற்றலைப்புகள் 1,43,376, 2005இல் 2,22,473. தலைப்புகள் பாதிக்கு மேற் பெருகின. அச்சிட்ட பிரதிகளின் மொத்தத் தொகையோ 627 கோடியிலிருந்து 647 கோடியாக மட்டுமே உயர்ந்தது. அதாவது ஒவ்வொரு தலைப்புக்குமுரிய சராசரிப் பிரதிகள் குறைந்தன; வாசகர் பெருகாமலே நூல்கள் பெருகின. இப்பெருக்கம் முழுவதற்கும் மதிப்பீட்டைக் காரணமாக்குதல் மிகைக்கூற்றாகும். பதிப்பகங்களுக்கிடையேயான போட்டிக்கும், பதவியுயர்வுக்கென நூல் வெளியிட வேண்டியிருந்த விரிவுரையாளரின் நிலைக்கும் அதிற் பங்குண்டு. ஆயினும் ஒவ்வொரு தலைப்பிலும் சில பிரதிகளை நாடெங்குமுள்ள நூலகங்கள் வாங்கும் என்ற உறுதி இருந்தமையாலேயே இத்தகைய சிறுபதிப்புகள் கட்டுப்படியாயின என்பது மறுக்கவொண்ணாதது.

இதன் நற்பயனை மறைத்தல் நேர்மையாகாது. சாதாரண வாசகர் வாங்காத ஆய்வு நூல்களுக்கு நூலகச் சந்தையே உயிர் கொடுத்தது. தொல்லெழுத்தியல் பற்றியோ ஒரு மாவட்டத்தின் நிலவரி வரலாறு பற்றியோ எழுதப்பட்ட நூல், எண்ணூறு நூலகங்கள் ஒவ்வொரு பிரதி வாங்கினால் அச்சேறிவிடும். அறிவுத்துறையில் அது சிறிய காரியமன்று. ஆனால் அதே வாய்க்காலில் நல்ல நீரோடு சேறும் வந்தது. முகப்பிலே அதிக விலையை அச்சிட்டுப் பெருங்கழிவில் விற்பதற்கெனவே தொகுக்கப்பட்ட பெருந்தொகுதிகள், பழைய நூல்களை வெட்டியொட்டிய களஞ்சிய வரிசைகள் என்பன நூலகங்களை நோக்கியே உற்பத்தி செய்யப்படுவதாக அக்காலத்தில் முறைப்பாடுகள் எழுந்தன. கணக்கிலே இவையும் நூல்களே.

பாடநூற் பதிப்பில் மதிப்பீட்டின் கை வேறுவகையில் நீண்டது. 2001இல் அமைச்சு வெளியிட்ட கற்பித்தற் தரம் பற்றிய அறிவுறுத்தல், பாடங்களில் 5 முதல் 10 சதவீதமானவை மூன்றாண்டுகளுள் ஆங்கிலம் முதலிய அந்நிய மொழிகளிற் கற்பிக்கப்படல் வேண்டுமென்றது. விரைந்து வளருந் துறைகளில் அண்மைக்காலப் பாடநூல்களைப் பயன்படுத்துமாறும் கூறியது. இவையும் மதிப்பீட்டுக் குழுவின் பார்வைக்குள் அடங்கின. விளைவாக, மேனாட்டுப் பாடநூல்களை உரிமை பெற்று அவ்வாறே மறுபதிப்புச் செய்யும் முயற்சி பெருகியது. 1954இல் தோன்றிய உயர்கல்விப் பதிப்பகம் முதலாயின இதில் ஈடுபட்டன. மறுபுறம், பல கல்லூரிகளின் ஆசிரியர்கள் கூட்டாக ஒரு பாடநூலை எழுதித் தத்தம் கல்லூரிகளில் அதனையே பயன்படுத்தும் வழக்கமும் பரவியது. 2006இல் பதினோராவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கான தேசியப் பாடநூல்களெனத் தெரிவான தலைப்புகள் மட்டும் 9,716. தேசிய நிலை என்ற சொல்லுக்கு இத்துணை பேர் உரியராகும்போது அச்சொல் எதனைப் பிரித்துக் காட்டும் என்பது தெளிவாகவில்லை.

2008இல் முதற்சுற்று நிறைவுற்றபோது 589 நிறுவனங்கள் மதிப்பிடப்பட்டிருந்தன. பெரும்பாலானவை அதிசிறந்தவை எனத் தேறின. பழைய விடைத்தாள்கள் புதிதாய் எழுதப்பட்டமை, குழுவினருக்கு அளிக்கப்பட்ட ஆடம்பர வரவேற்புகள் முதலியன பற்றிப் பத்திரிகைகள் கடுமையாக எழுதின. நூலகங்களைப் பற்றி அவ்வளவு எழுதப்படவில்லை. விடைத்தாளைப் பொய்யாகப் புனையலாம். நூலை அவ்வாறு புனைய வேண்டியதில்லை. அது உண்மையாகவே வாங்கப்பட்டு, உண்மையாகவே அடுக்கில் இருந்தது. மாணவர் அதனை எடுத்துப் படித்தனரா என்பதை அறியக்கூடிய இரவற் பதிவேடு நூலகங்களிலேயே இருந்தும், தலைக்கணக்கே முன்னிறுத்தப்பட்டது. நூலக இயல் மாணவர் ஒருவர் கேட்கக்கூடிய முதல் வினா, மதிப்பீட்டு முறைமையில் ஆகக் கடைசி இடத்தைப் பெற்றமை ஆச்சரியத்துக்குரியதே.

சுற்று முடிந்ததும் வழங்குநர் துறையின் பொற்காலமும் மங்கத் தொடங்கியது. தலைக்கு 4 நூல் என்ற ஆண்டுச் சேர்க்கை தொடர்ந்ததேனும், பழைய குறையை ஒரேயடியாய் நிரப்பும் பெருங்கொள்வனவுகள் அருகின. மின்னியல் தரவுத்தளங்களும் நூலகப் பணத்தில் பங்கு கேட்டன. மெலிந்த இலாபத்தில், பெருமளவு விற்பனையையே நம்பி நின்ற நிறுவனங்களுக்கு அளவு குறைவதே பேராபத்தாயிற்று. 2014 முதல் 2018 வரை நடைபெற்ற அடுத்த மதிப்பீட்டில் தரவரிசை நீக்கப்பட்டது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென வகுத்த இலக்கை எவ்வளவுக்கு எய்தியது என்பதே நோக்கப்பட்டது. 2021இல் மீண்டும் புதிய சுற்றொன்று தொடங்கியது.

முதற்சுற்றில் வாங்கிய நூல்கள் இதற்கிடையே பழைமையடைந்தன. காலங்கடந்த கணினிக் கையேடுகளும் பலபிரதிப் பாடநூல்களும் அடுக்குகளை நிரப்பியமையால் புதிய நூல்களுக்கு இடம் போதாதாயிற்று. இவற்றைக் கழித்துவிடல் வேண்டுமென நூலகர்கள் எழுதினர். ஆயின் நூல் அரசாங்கச் சொத்து. அதனைக் கழிக்க அனுமதி வேண்டும். அனுமதி கிடைப்பினும், கழித்த ஒவ்வொரு நூலும் தலைக்கணக்கில் ஒன்றைக் குறைக்கும். எனவே யாரும் எடுக்காத நூல்கள், எடுக்கப்படாமலே, பல்கலைக்கழகங்களின் பின்கட்டுக் களஞ்சியங்களில் எண்ணிக்கைக்காக வைக்கப்பட்டன.